அனுப்பியவன் எழுத வேண்டிய கடிதம்

அன்பு மகளுக்கு,

வாப்பாவின் ஸலாம். நீங்கள் இருவரும் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்து, பெட்டிகளை அவிழ்த்து, அடுப்பு மூட்டிய பிறகுதான் இது உன் கைக்கு வரவேண்டும் என்று நாள் பார்த்துத் தபாலில் போடுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்ல நினைத்தேன். பந்தல் போட்ட வீட்டில் சொல்லுகிற கதை இது அல்ல என்று விட்டுவிட்டேன். பஸ் நிலையத்தில் சொல்ல நினைத்தேன். அங்கே உன் மாப்பிள்ளை எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மாஸ்டர் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லு. மாஸ்டர் நிற்கிறார், எப்படிச் சொல்வது என்று அன்றைக்கும் ஒரு சாட்டு. இந்த ஐந்து வருஷத்தில் எனக்குச் சாட்டுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

நீ வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனது ஊருக்குப் பெரிய புதினம். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண் வீட்டைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளையோடு புறப்பட்டுப் போவதை யார் கண்டார்கள்? சந்தை வழியில் நாலு பேர் மறித்துக் கேட்டார்கள். மாஸ்டருக்கு அங்கேதான் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது என்றேன். உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. "அந்த வீட்டுக்கு இன்னொரு மாப்பிளையக் கூட்டி வர எனக்கு ஏலா வாப்பா" என்று நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொன்னது சரி. அது எவ்வளவு சரி என்பது உனக்கே தெரியாது. அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும். ரோட்டு வேலை மேற்பார்த்துத் திரிந்த ஓவசியர் நான், என் அறிக்கை எப்போது சுருக்கமாக இருந்திருக்கிறது?

உன் முதல் கல்யாணத்துக்கு ரஷீதைப் பேசி முடித்தபோது உன் உம்மா மவுத்தாகி ஒரு வருஷம். வழக்கப்படி வீட்டை உன் பேரில் எழுதிவிட்டு, பின்வளவில் ஓர் அறை கட்டிக்கொண்டு நான் ஒதுங்கினேன். வீட்டோடு சீதனமாக, கடல் தொழிலுக்கு ஒரு எஞ்சின் போட்டும் கொடுத்தேன். பச்சை வர்ணம் அடித்த மூன்றரைத் தொன் போட். அந்த நாளில் சாய்ந்தமருதுக் கடலில் அப்படி நாலைந்துதான் நின்றன. கால் நனைத்ததற்கு மேல் எனக்கும் கடலுக்கும் உறவில்லை. ஆனாலும் அஸர் தொழுதுவிட்டுத் தினமும் கடற்கரைக்குப் போய், கரைக்கு அப்பால் நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டைப் பார்த்துவிட்டு வருவேன். "ஓவசியர்ட போட்" என்பார்கள். "மருமகன்ட போட்" என்று நான் ஒரு நாளும் திருத்தியதில்லை. மாரி தொடங்க முன்னம் அதைக் கல்லாற்று முகத்துவாரத்தால் உள்ளே கொண்டுபோய் வாவிக்குள் கட்டவேண்டும் என்று ரஷீத் இரண்டு தரம் சொன்னான். இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்றேன். வாவிக்குள் போனால் நான் தினமும் பார்க்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்த அன்று நடந்ததாக நீ அறிந்தது இது. ரஷீதுக்கு நாலு நாளாக இருமல். நீ பின் குசினியில் அவனுக்கு இஞ்சிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய். கோப்பையோடு முன்வாசலுக்கு வந்தபோது ஆளில்லை. எங்கே என்று என்னிடம் கேட்டாய். போட்டைப் பார்க்கப் போய்விட்டான் என்றேன். பொழுதுபடக் காற்று கூரையைக் கொண்டுபோனது, வளவில் நின்ற தென்னைகளைக் கொண்டுபோனது. ரஷீதும் வரவில்லை, போட்டும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரையொதுங்கவில்லை. அதன் பிறகு உன் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு பேச்சு. "கஞ்சிகூடக் குடிக்காமப் போன மனுசன். அவருக்கு என்னைவிடப் போட் பெரிசாப் போச்சி." அழுதபோதும் சொன்னாய். அழுகை நின்ற பிறகு, கறிக்கு உப்புப் போதாது என்று சொல்லுகிற குரலிலும் சொன்னாய். ஒவ்வொரு தரமும் நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மகள், அவன் தானாகப் போட்டைப் பார்க்கப் போகவில்லை. நான் அனுப்பினேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் மிச்சத்தை நீ வாசிக்கமாட்டாய்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்தமான் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்றார்கள். பர்மாக்காரன் பிடித்து மறியலில் வைத்திருப்பான் என்றார்கள். அப்படிப் போய் வருஷம் கழித்துத் திரும்பியவர்கள் நம் கரையில் இல்லாமலில்லை. ஒரு வருஷம் போனது, இரண்டு போனது. நம் கல்யாண வழக்குகளைத் தீர்க்கிற காதியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், ஆளைக் கடைசியாகக் கண்டவர் நீங்கள்தான், அவர் எப்போது, எதற்காக, என்ன நிலையில் போனார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், மவுத் என்று முடிவெடுக்கலாம், உங்கள் மகள் கைம்பெண்ணாக இத்தா இருந்து முடிக்கலாம், அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வழி பிறக்கும் என்று. நான் சம்மதிக்கவில்லை. "மய்யித்தக் கண்ணால காணாம நான் கையெழுத்து வெக்கமாட்டன்" என்றேன். ஊர் என்னை மெச்சியது. சாகாமம் ரோட்டில் கொந்துறாத்துக்காரன் கட்டிய மதகு ஒன்றை, அத்திவாரம் தெரியாமல் மண் மூடிவிட்டான் என்பதற்காகத் திரும்பத் தோண்ட வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்பமிட்டேன் என்பது பழைய கதை. அந்தப் பெயர் எனக்கு இங்கே நன்றாக உதவியது. மதகுக்கு அது நேர்மை. உன் விஷயத்தில் அது ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு. எதற்காகப் போனார் என்று எழுதவேண்டிய இடத்தில் என் பேரை எழுதவேண்டி வரும், அதுதான் பயம். அந்தப் பயத்துக்காக நீ இருபத்திரண்டு வயதிலிருந்து பெண்சாதியும் இல்லாமல் கைம்பெண்ணும் இல்லாமல் இருந்தாய். கல்யாண வீடுகளுக்கு உன்னை எப்படி அழைப்பது, எந்தப் பக்கம் இருத்துவது என்று தெரியாமல் பெண்கள் தடுமாறியதையெல்லாம் நான் பார்த்தேன். மாஸ்டர் ஆளனுப்பி உன்னைப் பெண் கேட்டதும் அப்போதுதான். காத்திருக்கிறேன் என்றார் அந்த மனிதர். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அது என் கையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் நடுப்பகுதியில், வேலையிலிருந்து ஓய்வு பெற முன்னம், திணைக்களம் என்னைத் திருகோணமலைப் பக்கம் அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். திரும்பி வந்து மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையா என்று கேட்டாய். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அங்கே காட்டோரம் ரோட்டு வேலை நடந்தது, கல்லுக்குத் தட்டுப்பாடு. உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமானத் தளம் ஒன்று பக்கத்தில் கைவிட்டுக் கிடந்தது. அதன் கொங்கிறீட்டை உடைத்து ரோட்டுக்கு எடுக்கலாமா என்று பார்த்து எழுதவேண்டும். காலையிலேயே போய் இறங்கினேன். நாற்பது வருஷமாகியும் ஓடுபாதை நூல் பிடித்த மாதிரிக் கிடந்தது. பொருத்துகளில் மட்டும் புல். ஒரு பக்கம் நெல் காயப்போட்டிருந்தார்கள், மறு பக்கம் எருமைகள் படுத்திருந்தன. அலவாங்கால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். கீழே கிறவல் நன்றாக இடித்து இறுக்கியிருந்தார்கள். மேலே என் ஒரு சாண் கனத்துக்குக் கொங்கிறீட். அவசரத்தில் போட்டாலும் ஏமாற்றிப் போடவில்லை. என் தொழிலில் அதை மதிக்காமல் இருக்க முடியாது.

நான் அளந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் புல்லு வெட்டுகிற கத்தியோடு ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சின்னத்தம்பி என்று பேர் சொன்னார். "ஐயா, அந்தக் கல்லையும் உடைக்கப்போறீங்களோ?" என்று கேட்டார். எந்தக் கல் என்றேன். ஓடுபாதை முடிகிற இடத்தில், கடல் பக்கம் பார்த்தபடி, இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கல் நின்றது. அதைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. தலைப்பில் இரண்டு சிறகு செதுக்கி, கீழே பதினொரு பேரின் பெயர். விமானம் ஓட்டியவர்கள். அந்தப் புல்லை வெட்டுவதுதான் சின்னத்தம்பியின் வேலை, அவருக்கு முன் அவருடைய தகப்பன் பார்த்த வேலை. கல் போனால் வேலை போய்விடும் என்று மனுஷனுக்குப் பயம். கல்லைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஒரு மரியாதைக்காக, இவங்களை எங்கே அடக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அடக்கவோ? ஆக்கள் கிடைச்சாத்தானே ஐயா. எல்லாரும் கடலுக்க விழுந்தவங்கள். இதுக்குக் கீழ ஒருத்தரும் இல்லை. வெறும் மண்."

"அப்ப ஆளக் காணாம எப்பிடிப் பேர வெட்டின?"

அவருக்கு அந்தக் கேள்வி பழக்கமானது போலிருந்தது. தகப்பன் யுத்தத்தின்போது அங்கே குசினியில் சமைத்தவராம். "எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குக் காணும் எண்டு கணக்கிருக்கு ஐயா. காலமை போனவன் மத்தியானத்துக்குள்ள வரவேணும். அந்த நேரம் தாண்டினால் பிறகு வானத்தப் பாக்கமாட்டாங்களாம். அவங்கள அனுப்பின தளத்துப் பெரியவர் உள்ளுக்குப் போய் மேசையில இருந்து எழுதத் தொடங்கிருவார். தாய்க்கு, இல்லாட்டிப் பெண்சாதிக்கு. அப்பா தேத்தண்ணி கொண்டுபோனால் ஆறிப்போய்க் கிடக்குமாம், குடிக்கமாட்டார்."

"அவ்வளவு பெரிய இடத்தில எழுதக் கிளாக்கர்மார் இல்லையா?"

"அப்பாவும் அதைத்தான் கேட்டவராம். அனுப்பினவன்தான் எழுதவேணும், அத வேற ஆளிட்டக் குடுக்க ஏலாது எண்டு சொன்னாராம்."

அவர் அதைச் சொல்லிவிட்டுப் புல்லு வெட்டப் போய்விட்டார். அவருக்கு அது தகப்பன் சொன்ன ஒரு கதை. நான் அந்தப் பதினொரு பேரையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எனக்கு அவர்கள் யாருமில்லை. யாருடைய யுத்தத்திலோ வந்து யாருடைய கடலிலோ விழுந்தவர்கள். அழுகை வரவில்லை, அப்படி எழுதினால் பொய். ஒரு கணக்குத்தான் வந்தது. அன்றைக்கு ரஷீதின் போட்டில் டீசல் அரைத் தாங்கி. மிஞ்சிப் போனால் ஆறு மணித்தியாலம் ஓடும். ஆறு மணித்தியாலத்துக்கு இருந்த டீசலை நான் நாலு வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தேன். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். ஜீப்காரப் பொடியன் சாப்பிடக் கூப்பிட்டான், பசிக்கவில்லை என்றேன். அறிக்கையில், ஓடுபாதைக் கொங்கிறீட்டை ரோட்டுக்கு எடுக்கலாம், நினைவுக்கல்லைச் சுற்றி இருபது கஜ தூரத்துக்கு ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று எழுதினேன்.

ஊருக்கு வந்து நான் முதலில் போனது காதியாரிடம் அல்ல, கடற்கரைத் தெருவில் ரஷீதின் உம்மாவிடம். உனக்கு இது தெரியாது. அவர் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜனாசா இல்லாமல் என் மகனை மவுத்தாக்காதீர்கள் என்று ஆரம்பத்தில் அழுதவர் அவர்தான். அந்த அழுகையையும் நான் ஒரு சாட்டாக வைத்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே சொன்னேன்.

"தங்கச்சி, அண்டைக்கு ரஷீத அனுப்பினது நான்தான்."

அவர் நிமிரவில்லை. ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டார். "எனக்குத் தெரியும் காக்கா. கடலுக்குப் போகக்குள்ள இந்த வாசலுக்கு வந்திட்டுத்தான் போன. 'மாமா ஒரு சொல் சொல்லிட்டார், இனி போகாட்டிச் சரிவராது உம்மா' எண்டான்."

"நாலு வருஷமா என்ட மகளுக்கு நீங்க ஏன் சொல்லல்ல?"

"சொல்லி? உம்மா இல்லாத புள்ள. புருசனும் இல்ல. ஒரு வாப்பாதான் மிச்சம் இரிக்கி. அதையும் நான் பறிக்கவா?" பிறகுதான் என்னைப் பார்த்தார். "கையெழுத்த வைங்க. இனி எனக்கும் அழ ஒரு நாள் வேணும். ஆனா அந்தக் கதைய மறுகா நீங்கதான் அவளுக்குச் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

கையெழுத்து வைத்தேன். எப்போது போனார், எந்த உடுப்பில் போனார், டீசல் எவ்வளவு, கடல் எப்படி, எல்லாம் எழுதினேன். எதற்காக என்ற இடத்தில் "போட்டைக் காப்பாற்றுவதற்காக" என்று எழுதினேன். பொய் அல்ல, அரை உண்மை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் ரஷீதுக்குக் காயிப் ஜனாசா தொழுதோம். முன்னால் மய்யித்து இல்லை, வெறும் இடம். நான் முதல் வரிசையில் நின்றேன். அன்று மாலையே அவனுடைய உம்மா வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார், உனக்கு அந்த அழுகையின் மறுபாதி விளங்கியிராது. நீ வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாய். அதில் ஒரு நாள் கதவுக்கு அப்பால் இருந்து கேட்டாய், "வாப்பா, அண்டைக்கு அவர் ஏன்தான் போன?" என்று. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "அவன்ட நஸீபு, மகள்" என்றேன். என் தலையில் கிடக்கவேண்டியதை விதி என்று அல்லாஹ்வின் கணக்கில் எழுதிவைத்தேன். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று கேட்டால், அனுப்பியதைச் சொல்லமாட்டேன், அதைத்தான் சொல்வேன். அனுப்பும்போது எனக்குக் கடல் தெரியாது. அதைச் சொல்லும்போது எல்லாம் தெரியும்.

வாப்பா என்று உனக்கு நாலு புத்தி சொல்லவேண்டிய நேரம் இது. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மற்றவரின் வீட்டில் குடியிருக்கிற ஆளிடம் ஒரு சொல் சொன்னால் அதற்கு இரட்டிப்புப் பாரம். அவன் மறுத்துப் பேச இடமில்லாமல் நிற்கிறவன். நம்முடைய வழக்கத்தில் மாமனார்மார் எல்லோருக்கும் இது தெரியும், தெரிந்துகொண்டுதான் கதைக்கிறோம். இப்போது மாஸ்டரின் வீட்டில் குடியிருக்கிறவள் நீ. உன்னிடம் அப்படி ஒரு சொல் யாராவது சொன்னால், வாயை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விடாதே. இருந்து பதில் சொல்லு. மாஸ்டர் விடுமுறைக்கு இங்கே வந்தால் நான் அவரைச் சந்தைக்குக்கூட அனுப்பமாட்டேன், மீன் வேண்டுமானால் நானே போவேன். சாவி என்னிடம் பத்திரம். வாரத்துக்கு ஒரு தரம் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுப் பூட்டுகிறேன், உள்ளே இருப்பதில்லை. பதில் எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். மன்னிப்பு என்ற சொல்லை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அவசரத்தில் தருவது எனக்கு வேண்டாம்.

இனி, அன்றைக்கு நடந்தது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன். மழைச் சாரல். ரேடியோவில் புயல் என்று சொல்லிவிட்டார்கள். ரஷீத் முன்படியில் சால்வையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு இருந்தான். போட் அங்கே நங்கூரத்தில் கிடந்து அடிபடுகிறதே, கல்லாற்றுக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டேன். "கடல் சரியில்ல மாமா. கூட வாற ரெண்டு பேரும் ஏலாதெண்டுட்டாங்க. போனாப் போகட்டும், போட்தானே" என்றான். அந்தப் "போட்தானே" என்னைச் சுட்டது. நான் சொன்னது இது, ஒரு எழுத்தும் கூட்டிக் குறைக்கவில்லை. "பொண்டாட்டி வீட்டுல குந்தி இரிக்கிறவனுக்குப் போனாப் போகட்டும்தான். வாங்கினவனுக்குத்தான் நோகும்."

 அவன் எழும்பிச் சால்வையை அவிழ்த்துக் கொடியில் போட்டான். அது நனையக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ. "சரி மாமா. அவள் எனக்குக் கஞ்சி காய்ச்சிட்டு இரிக்காள். ஒரு வாய் குடிச்சிட்டுப் போறன்" என்றான். குசினிப் பக்கம் திரும்பி ஒரு அடியும் வைத்துவிட்டான்.

"வந்து குடிக்கலாம், போ" என்றேன்.

மகள், அவன் உன் கஞ்சியைக் கேட்டான். போ என்றது நான்.

இப்படிக்கு,
வாப்பா